ஓடுதுதானே என்று விடாதே, மகள்

"மெயில் சேர்வர் பழசுதான் தாத்தா, ஆனா ஓடுதுதானே, ஏன் அதைத் தொட்டு வம்பை விலைக்கு வாங்கணும் என்று எல்லாரும் சொல்றாங்க. நான் என்ன செய்ய?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டுமில்லை, கேகாலை, இரத்தினபுரி தோட்டங்களிலிருந்து கொழும்புக்குப் போய்க் கணினி வேலை பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

மகள், உன் கையில் இருப்பது அடுத்தவருடைய கடிதங்கள். இந்த நினைப்பு மனதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் கடிதத்தின் அருமை தெரியாத சனம் இல்லை. லயத்துக் காம்பிராவுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வருகிற கடிதம் ஒப்பிசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கையில் கொடுத்துவிட்டால் உரியவருக்குக் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொன்ன கடிதம் பரீட்சை முடிந்த பிறகு வந்து சேர்ந்த கதை தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. மலையகத்தில் எத்தனையோ குடும்பங்கள் இன்றைக்கும் தனி முகவரி கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படிப்பட்ட நமக்கு, எவருடைய ஒப்பிசையும் தாண்டாமல் நேரே நம் கைக்கு வருகிற முதல் முகவரி மின்னஞ்சல் முகவரிதான். உன் பல்கலைக்கழக அனுமதி, வேலைக் கடிதம், தம்பியின் கட்டார் ஒப்பந்தம் எல்லாம் அந்த வழியாகத்தானே வந்தன?

எங்கள் தோட்டத்துத் தப்பால்காரருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தபாற்கந்தோரிலிருந்து பூட்டிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மேலே வருவார். மழை பிடித்தால் தன் தலையை நனையவிட்டு, பைக்கு மேல் படங்கைப் போர்த்துவார். உள்ளே யாருடைய கடிதம், என்ன செய்தி என்று அவருக்குத் தெரியாது. தெரியாததால்தான் எல்லாக் கடிதத்தையும் ஒரே மாதிரிக் காத்தார். உன் வேலையும் அந்த மனிதருடைய வேலைதான்.

இனி நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய், செய்தியைக் கவனித்திருக்க மாட்டாய்.

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பு தாக்கப்பட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற ரான்சம்வேர் தாக்குதல். 'கவ் டொட் எல்கே' என்று முடிகிற சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அதில் அடக்கம். சேர்வரை அரை நாளுக்குள் மீண்டும் ஓடவைத்துவிட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17ஆம் திகதியிலிருந்து ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. இணைப்பிலேயே இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துக்குக் கழற்றித் தனியே வைத்த பெக்கப் இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதம், மகள்! எத்தனை பேருடைய விண்ணப்பம், முறைப்பாடு, இடமாற்றம், ஓய்வூதியக் கேள்வி அதில் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அந்த அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பில். அந்தப் பதிப்புக்கு மைக்ரோசொஃப்ட் தன் ஆதரவை நிறுத்திய திகதி 2023 ஏப்ரல் 11. காணாமற்போன கடிதங்களின் முதல் நாளுக்கு ஐந்து வாரம் முந்தி. திடீரென்று நிறுத்தவும் இல்லை, பல வருடங்களுக்கு முன்பே அறிவித்த திகதி அது. 2021இலிருந்தே புதிய பதிப்புக்கு மாறத் திட்டம் இருந்ததாகவும், நிதித் தட்டுப்பாட்டாலும் முன்னைய பணிப்பாளர் சபை எடுத்த சில முடிவுகளாலும் அது தாமதமானதாகவும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனமே பிறகு சொன்னது. அந்த வருடங்களில் நாடு இருந்த நிலை நமக்கெல்லாம் தெரியும். 2022இல் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றோம். அப்படிப்பட்ட நேரத்தில் சேர்வர் லைசன்ஸ் பட்டியலின் அடியில் போய் விழுந்ததை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆனால் நாள்தோறும் பெக்கப்பை எடுத்துக் கழற்றித் தனியே வைக்க அவ்வளவு டொலர் தேவையில்லை. பணமில்லாதபோதும் செய்யக்கூடியதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

"ஓடுதுதானே" என்பவர்களுக்கு நீ விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புதிய பதிப்பில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும்போது, ஓட்டை எங்கே இருந்தது என்பது உலகத்துக்கே தெரிந்துவிடுகிறது. புதியதும் பழையதும் பெரும்பாலும் ஒரே நிரலிலிருந்து வளர்ந்தவை, அதனால் அதே ஓட்டை பழையதிலும் இருக்கலாம். ஆதரவு முடிந்த பதிப்புக்கு அதை அடைக்க ஆள் வரமாட்டார். திருடனுக்கு மட்டும் கதவு தெரியும். ஆகவே கை வைக்காமல் விட்ட சேர்வர் இருந்த இடத்திலேயே நிற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் முந்திய மாதத்தைவிட ஆபத்தானதாகிக்கொண்டு போகிறது.

இது இன்று நேற்று வந்த கதையுமில்லை. 1988 நவம்பர் 2ஆம் திகதி மொரிஸ் என்ற மாணவன் அவிழ்த்துவிட்ட புழு அமெரிக்க இணையத்தையே திணறவைத்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளில் சோதனைக்காக வைத்து மூடாமல் விட்ட வாசல். 2021 மார்ச் 2ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு அவசரத் திருத்தம் வெளியிட்டது. உடனே போட்டவர்கள் சேதத்தைக் குறைத்துக்கொண்டார்கள். "இந்த வாரம் வேலை கூட, அடுத்த வாரம் பார்ப்போம்" என்று விட்ட இடங்களில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சேர்வர்களுக்குள் யார் யாரோ புகுந்தார்கள்.

உனக்குப் பயம் என்பது எனக்குத் தெரியும். இரவு மாற்றிவிட்டு விடியும்போது எதுவும் ஓடாவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நல்ல பயம்தான், கவனத்தைக் கூட்டும். ஆனால் மின்னஞ்சலை வடிவமைத்தவர்கள் உனக்கொரு பெரிய உதவி செய்து வைத்திருக்கிறார்கள். உன் சேர்வர் மூடிக் கிடந்தால், அனுப்புகிற சேர்வர் கடிதத்தை உடனே எறிந்துவிடாது. தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து தட்டும். பொதுவாக நான்கைந்து நாள் வரைக்கும் முயன்ற பிறகுதான் "சேர்க்க முடியவில்லை" என்று அனுப்பியவருக்குத் திருப்பும். ஆகவே சனிக்கிழமை இரவு சில மணி நேரம் மூடியிருப்பதால் எவருடைய கடிதமும் தொலையாது. தொலைவது வேறு வகையில்: சேர்வர் திறந்திருந்து, பிழையான அமைப்போடு "இப்படியொரு முகவரியே இல்லை" என்று 550 என்ற எண்ணைச் சொல்லிவிட்டால் கடிதம் அந்த நிமிடமே திரும்பிவிடும். 450 என்றால் பிறகு வா, 550 என்றால் வராதே. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் உன் விரல் நுனியில் இருக்க வேண்டும்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் மென்பொருளைப் பாவிக்கிற இடமென்றால் மாற்றுகிற இரவில் 'சொஃப்ட் பவுன்ஸ்' என்ற அமைப்பை இயக்கி வை. அது இருக்கும்வரை நிரந்தர மறுப்புகளெல்லாம் தற்காலிக மறுப்பாகிவிடும், கடிதம் வரிசையில் நிற்கும், நீ பிழையைத் திருத்திக்கொள்ளலாம். எல்லாம் சரிவந்ததும் மறக்காமல் எடுத்துவிடு. 2015இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0இலிருந்து இன்னொரு வசதியும் உண்டு. பழைய அமைப்புக் கோப்போடு புதிய பதிப்பை ஏற்றினால், அது பழைய வழக்கத்தையே பின்பற்றிக்கொண்டு, "இந்த இடத்தில் பழைய முறைப்படி நடக்கிறேன், நீ இதை மாற்ற வேண்டும்" என்று லொக் கோப்பில் எழுதிவைக்கும். விட்சே வெனேமா என்ற மனிதர் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பராமரிக்கிறவர்களின் கஷ்டம் தெரிந்தவர் அவர் என்று எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. ஒரு வாரம் அந்த லொக்கை வாசி, வரிவரியாகத் திருத்து.

எல்லா மென்பொருளும் இப்படிக் கைபிடித்து நடத்தாது. எக்சிம் என்ற இன்னோர் அஞ்சல் மென்பொருளின் 4.94 பதிப்பு வந்தபோது, வெளியிலிருந்து வருகிற பெயரை நம்பிக் கோப்புப் பாதை அமைப்பதைத் தடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் குறிப்பை வாசிக்காமல் ஏற்றியவர்களின் சேர்வர்களில் பல வருடமாக ஓடிய அமைப்பு அன்றோடு நின்றது. தபாற்பெட்டியைத் திறந்து கொடுக்கிற டவ்கொட் மென்பொருளின் 2.4 பதிப்பு 2025 ஜனவரியில் வந்தது. 2.3க்கு எழுதிய அமைப்புக் கோப்பை அது ஏற்காது. அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த டெபியன் 13 அந்தப் புதிய டவ்கொட்டோடு வந்ததால், இயங்குதளத்தை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள் காலையில் யாரும் தபாற்பெட்டியைத் திறக்க முடியாமல் நின்றார்கள். வெளியீட்டுக் குறிப்பை முழுதாக வாசிக்காமல் எதையும் ஏற்றாதே மகள். தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வாசி. தாண்டிப் போகிற எல்லாப் பதிப்புகளின் குறிப்பையும் வாசி, கடைசியானது மட்டும் போதாது.

காலம் தாழ்த்தத் தாழ்த்த வழியும் நீளும். எக்ஸ்சேஞ்ச் 2010 வைத்திருந்தவர் நேராக 2019க்கு ஏற முடியாது, நடுவில் 2013இலோ 2016இலோ ஒருமுறை இறங்கித்தான் போக வேண்டும். 2025 ஜூலையில் வந்த சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனோ, 2013 சேர்வர் ஒன்று மிச்சமிருக்கிற இடத்துக்குள் வரவே வராது. 2019இலிருந்து சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்குப் போவதைத் தவிர, எக்ஸ்சேஞ்சில் பழைய பெரும்பதிப்பின் மேலேயே புதியதை ஏற்றும் வழக்கம் பல வருடமாக இல்லை. புதிய சேர்வரைப் பக்கத்தில் நிறுத்தி, தபாற்பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். முதலில் உன்னுடையதை நகர்த்து. பிறகு பொறுமைசாலிகளான இரண்டு மூன்று பேருடையதை. கணக்குப் பகுதியை மாதக் கடைசியில் தொடாதே.

இனி, இதே வேலைக்குப் போன இடத்தில் நான் நேரில் பார்த்த ஒன்று. பெயர் சொல்ல வேண்டியதில்லை, தோட்டங்களை நடத்துகிற கம்பனி ஒன்றின் தலைமை அலுவலகம். பழைய சென்ட்மெயிலிலிருந்து மாற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்படியே கோப்பைப் பிரதியெடுத்துப் போட்டிருந்தால் ஒரு இரவில் வேலை முடிந்திருக்கும். எனக்கு ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்கிற பழக்கம். ஊழியர் சேமலாப நிதிக்கென்று ஒரு முகவரி இருந்தது. அதற்கு வருகிற கடிதம் மூன்று பேருக்குப் போகும்படி எழுதியிருந்தது. விசாரித்தால், இருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார். அந்த மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தோம். தோட்டத்து ஒப்பிஸ்களிலிருந்து வந்த கடிதங்கள் வாசிக்கப்படாமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. காலமெல்லாம் பால் வெட்டிவிட்டு, சேவைக்காலப் பணத்துக்காகக் காத்திருந்த மனிதர்களின் பெயர்கள், அங்கத்துவ இலக்கங்கள், "மூன்றாம் முறையாக அறியத் தருகிறோம்" என்ற வரிகள். ஒரு பெயர் நம்ம ஊர்ப் பக்கத்துப் பெயர் மாதிரி இருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சேர்வரில் எந்தப் பிழையும் இருக்கவில்லை, அது சொன்னபடி சொன்ன பெட்டிக்குக் கடிதத்தைப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. "ஓடுது" என்ற சொல்லை அன்றைக்குப் பிறகு நான் நம்புவதில்லை. பெட்டிக்குப் போகிறதா என்று பார்த்தால் போதாது, யாராவது திறக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பதிப்பை மாற்றுகிற வேளைதான் இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துப் பார்க்க உனக்குக் கிடைக்கிற வேளை. அதை அவசரத்தில் வீணாக்காதே. அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேல், யாருக்காக, எதற்காக, எப்போது என்று எழுதிவை. உனக்குப் பின் வருகிற பிள்ளைக்கு நீ விட்டுப்போகும் சொத்து அது.

பெக்கப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, 2023இல் நடந்ததே சொல்லிவிட்டது. ஒரு பிரதியைக் கழற்றி வேறு இடத்தில் வை. மாதத்தில் ஒருமுறை அதிலிருந்து ஒரு தபாற்பெட்டியைத் திருப்பி எடுத்து, கடிதத்தைத் திறந்து வாசித்துப் பார்.

நீயும் நானும் தமிழர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010இலிருந்து '.இலங்கை' என்று நம் எழுத்திலேயே முடிகிற இணைய முகவரி நமக்குக் கிடைத்திருக்கிறது. பெயரையும் தமிழிலேயே எழுதி முழு மின்னஞ்சல் முகவரியையும் தமிழில் வைத்துக்கொள்வதற்கான விதிமுறை 2012இல் வந்துவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸ் 3.0இலிருந்து அதை ஏற்கிறது, ஜிமெயில் 2014இலேயே ஏற்கத் தொடங்கியது, எக்ஸ்சேஞ்ச் 2019இலும் அந்த வசதி உண்டு. அதற்கு முந்திய பதிப்புகளோ தமிழ் முகவரியைக் கண்டால் கடிதத்தைத் திருப்பிவிடும். எங்கள் அம்மாக்கள் கைநாட்டு வைத்த சனம், ஆங்கில எழுத்துத் தெரியாதவர்கள். அவர்கள் வழியில் வந்த ஒருவர் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கடிதம் அனுப்பும்போது, பழசு என்பதால் உன் சேர்வர் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அது எனக்குப் பொறுக்காது. லயத்துக்கு முகவரி இல்லை என்று திரும்பிப்போன கடிதங்கள் போதும்.

மேலதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தாய். சண்டை பிடிக்காதே, பயமும் காட்டாதே. திகதியைச் சொல். இந்தப் பதிப்பின் ஆதரவு இன்ன நாளில் முடிகிறது, மாற்ற இவ்வளவு செலவு, இவ்வளவு நேரம், மாற்றாவிட்டால் என்ன நடக்கலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, அதனால் எழுத்தில் கொடு. பணம் இல்லை என்றால், இலவசமாகக் கிடைக்கிற போஸ்ட்ஃபிக்ஸும் டவ்கொட்டும் உலகத்தின் பெரிய நிறுவனங்களையே தாங்குகின்றன என்று சொல். மாட்டோம் என்றால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கேள். தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக மேசைக்கு முன்னால் குரலைத் தாழ்த்தாதே. அந்தக் கூட்டத்தில் சேர்வரைப் பற்றி அதிகம் தெரிந்தவள் நீதான்.

எக்ஸ்சேஞ்ச் 2016க்கும் 2019க்கும் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. நீ சொன்ன சேர்வர் அதில் ஒன்றாக இருக்கலாம், அதைவிடப் பழசாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பதிப்பு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள். பக்கத்தில் ஆதரவு முடிகிற திகதியை எழுது. அன்றைக்கே மெனேஜருக்குக் கடிதம் அனுப்பு. அனுப்பிவிட்டு எனக்கு ஒரு கோல் எடு, மாற்றுகிற இரவுக்கு என்னென்ன தயார்செய்ய வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதுவோம்.